ஒன்பது வாரம் என் வீட்டைத் தாங்கியவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

ஏப்ரலில் அமெரிக்காவுக்குப் பாடக் கிளம்பியவள் ஜூன் முதல் வாரம் தஞ்சாவூர் திரும்பினேன். 17 கச்சேரி. நோட்டீஸில் போட்டிருந்தது என் படம், என் பெயர். ஆனால் இந்தப் பயணத்தைச் சுமந்தவர்கள் வேறு. அவர்களுக்கு ஊரறிய நன்றி சொல்லவேண்டும்.

கிளீவ்லாந்தில் 1978 முதல் ஈஸ்டரை ஒட்டி நடக்கும் தியாகராஜ ஆராதனையில் நான் இயற்றிய உருப்படிகளைப் பாட அழைப்பு வந்தபோது, தியாகராஜர் வாழ்ந்த திருவையாற்றுக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவளுக்கு வேறென்ன வேண்டும்? சரி என்றேன். அப்புறம் மற்ற ஊர்களும் சேர்ந்துகொண்டன. பி-3 விசாவில் கலைஞர் போகலாம், பி-4இல் பிள்ளையையும் கூட்டிப்போகலாம். ஆனால் மகளுக்கு அப்போது முழுப் பரீட்சை. டிக்கெட் பணத்துக்கும் வழியில்லை. எட்டு வயதுப் பிள்ளையை விட்டுவிட்டுத்தான் போனேன்.

அவளுக்காக என் வீட்டுக்காரர் சுவரில் இரண்டாவது கடிகாரம் ஒன்று மாட்டினார். நான் ஊர் மாறும்போதெல்லாம் ஸ்டூல் போட்டு ஏறி முள்ளைத் திருப்புவார். கிளீவ்லாந்தில் இருந்தபோது 9½ மணி நேரம் பின்னால், ஹூஸ்டனில் 10½, சான் ஓசேயில் 12½. இங்கே அவள் தூங்கப்போகும்போது அங்கே எனக்குக் காலைக் காப்பி.

கத்திரி வெயில் நாளில், ஒரு சனிக்கிழமை ராத்திரி, அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்தார்கள். இடுப்பு எலும்பு முறிவு. எனக்கு அன்று சான் ஓசேயில் கச்சேரி. திங்கட்கிழமை ஆபரேஷன் முடிந்து, செவ்வாய்க்கிழமைதான் சொன்னார்கள். "நீ பாடி முடிக்கட்டும்னு அத்தையே சொல்லிட்டாங்க" என்றார் என் வீட்டுக்காரர். எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் தூங்காமல் நின்ற மனிதரிடம் அப்படி இருந்திருக்கக்கூடாது. அதற்கும் சேர்த்து அவருக்கு இங்கே நன்றி சொல்கிறேன்.

பெண்கள் வார்டில் ராத்திரி ஆண்கள் தங்கமுடியாது. கோயம்புத்தூரிலிருந்து நாத்தனார் வந்து சேர மூன்று நாள் ஆனது. அந்த மூன்று ராத்திரியும் அத்தை பக்கத்தில் படுத்தவர்கள் எங்கள் தெருப் பெண்கள். முறைபோட்டு, பெட்பேன் வைத்து, தலைவாரிவிட்டு. நான் செய்திருக்கவேண்டிய வேலை அது. அத்தையைக் கைத்தாங்கலாகத் தூக்கிப்போன முக்கு ஸ்டாண்டு ஆட்டோ அண்ணன் இன்றுவரை வாடகை வாங்கவில்லை. என்னிடம் பாட்டுப் படிக்கும் இரண்டு பிள்ளைகள் ரத்தம் கொடுத்தார்கள்.

அந்த வாரம் ஹூஸ்டனில் கச்சேரி. காலையில் போன் செய்தேன். "அப்புறம் பேசறேன்மா" என்று சொல்லிவிட்டு மகள் ஓடிவிட்டாள். அன்று மாலை மெயினாக, அதாவது கச்சேரியின் முக்கிய உருப்படியாகப் பாடியது, அவள் பிறந்த வருடம் நான் ரீதிகௌளை ராகத்தில் எழுதிய கீர்த்தனை. சரணத்தில் ஒரு வரியை எடுத்து, திரும்பத் திரும்ப விரித்துப் பாடும் நிரவலைத் தொடங்கினேன். இரண்டாவது சுற்றில் குரல் அடைத்துக்கொண்டது. வயலின் தம்பி ஒரு கணம்கூட இடைவெளி விடாமல், ஏற்கெனவே பேசிவைத்ததுபோல அந்த வரியை வாங்கிக்கொண்டார். மிருதங்க அண்ணா என்னைப் பார்த்தார். "தனி விட்டுடும்மா" என்றார், மெதுவாக. அடுத்துப் பாடவேண்டிய ஸ்வரத்தைப் பாடாமலே, மிருதங்கம் மட்டும் தனியாக வாசிக்கும் அந்தப் பகுதிக்கு விட்டேன். பதினைந்து நிமிடம் அவர் வாசித்தார். என் கை தாளத்தின் எட்டை எண்ணிக்கொண்டிருந்தது, கண்ணிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. தனியை முடித்துவைக்கும் கோர்வையை அவர் வாசித்து முடித்து, நான் பல்லவியை எடுத்தபோது குரல் திரும்பியிருந்தது. அண்ணா, தம்பி, அன்று அந்தச் சபையில் என்னைக் காப்பாற்றியது நீங்கள்.

ஊர் ஊராகத் தங்கள் வீட்டு அறையை ஒழித்துக்கொடுத்து, ரசமும் வெந்நீர் ஃப்ளாஸ்க்கும் வைத்த குடும்பங்களுக்கும் என் வணக்கம்.

எதிர்வீட்டு அக்காவுக்குச் சொல்வதுதான் கஷ்டமாக இருக்கிறது. லீவு முழுக்க என் மகள் உங்கள் வீட்டில்தான் சாப்பிட்டாள், குளித்தாள், தூங்கினாள். நான் வந்த அன்று ராத்திரி என் பக்கத்தில் படுத்தவள், நடுவில் எழுந்து உங்களைத் தேடினாள். எனக்கு வலித்தது, மறைக்கவில்லை. ஆனால் அப்படித் தேடும் அளவுக்கு அவளை நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் அக்கா. அந்த ராத்திரியில் உங்களை நினைத்து மனசுக்குள் கும்பிட்டேன்.

அத்தை இப்போது வாக்கர் பிடித்து வாசல்வரை வருகிறார்கள். அடுத்த வருடத்துக்கு வந்த அழைப்புகளுக்கு இன்னும் பதில் எழுதவில்லை. போனாலும் மூன்று வாரத்துக்கு மேல் கிடையாது என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

ஒரு விஷயம். அந்த நாட்களில் நீங்கள் சோறும் கஞ்சியும் கொடுத்தனுப்பிய எவர்சில்வர் தூக்குகள் பதினொன்று எங்கள் அடுப்படியில் இருக்கின்றன. மூடியில் வெட்டியிருக்கும் பெயரைப் பார்த்து எட்டு யாருடையது என்று கண்டுபிடித்துவிட்டேன். மூன்றில் எழுத்து தேய்ந்துபோயிருக்கிறது. உங்களுடையது என்றால் சொல்லி அனுப்புங்கள். வரும் வெள்ளிக்கிழமை சர்க்கரைப் பொங்கல் வைக்கிறேன். நிரப்பி எடுத்துக்கொண்டு நானும் மகளும் வீடுவீடாக வருகிறோம்.