முதல் பேக் ஏற்றுவதற்கு முன்னால்

ஆசிரியருக்கு வணக்கம்.

ரத்த தானம் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கூடலூர், பந்தலூர் பக்கத்து ஆதிவாசிக் குழந்தைகளின் தேவையை நினைவில் வைத்து எழுதியதற்கு நன்றி. ஆனால் சிக்கிள் செல் (சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை ரத்த நோய்) நோயாளிகளுக்கு வலி வரும்போதெல்லாம் ரத்தம் ஏற்றினால் சரியாகிவிடும் என்ற பொருளில் அதில் ஒரு வரி இருந்தது. ரத்த வங்கியில் லேப் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்த வரியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. பாடிகளில், அதாவது ஆதிவாசிக் குடியிருப்புகளில், இருப்பவர்கள் ஏற்கெனவே அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். சமவெளியிலிருந்து புதிதாக மாற்றலாகி வரும் டாக்டர்களிலும் சிலர் அப்படி நினைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சிக்கிள் செல் உள்ளவருக்கு எலும்பைப் பிய்க்கிற மாதிரி வலி வருவது, அரிவாள் போல வளைந்த சிவப்பணுக்கள் மெல்லிய ரத்தக் குழாய்களை அடைப்பதால். குளிர், காய்ச்சல், உடம்பில் நீர் குறைவது என எது வேண்டுமானாலும் அதைக் கிளப்பிவிடும். நம் ஊர் ஆடி மாத மழையில் நனைந்துகொண்டே இலை பறிக்கிறவருக்கு இதை விளக்கவே வேண்டாம். அந்த நேரத்தில் வேண்டியது தண்ணீர், தேவைப்பட்டால் டிரிப்ஸ், தாராளமான வலி மருந்து, உடம்புக்குக் கதகதப்பு. காய்ச்சல் இருந்தால் அதற்கான மருந்து. வெறும் வலிக்காக ஒரு பேக் ரத்தம் ஏற்றினால் அடைத்த குழாய் திறந்துகொள்ளாது. ஹீமோகுளோபின், அதாவது ரத்தத்தின் சிவப்புச் சத்து, 10 கிராமைத் (100 மில்லி ரத்தத்தில்) தாண்டும்படி ஏற்றிவிட்டால் ரத்தம் தடித்து அடைப்பு கூடவும் வாய்ப்புண்டு.

இன்னொன்று, இவர்களில் பலருக்கு நல்லபடியாக நடமாடும் நாட்களிலேயே ஹீமோகுளோபின் 7, 8 தான் இருக்கும். சாதாரண சிவப்பணு 120 நாள் வாழும். வளைந்த அணு இரண்டு மூன்று வாரத்திலேயே சிதைந்துபோகும். ஆகவே ரிப்போர்ட்டில் 7 என்று பார்த்ததும் பதறி ரத்தத்துக்கு எழுதுவது தேவையில்லை. போன மாதம் எவ்வளவு இருந்தது என்று கேட்டாலே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். கேட்டால் சொல்ல நோயாளியிடம் ஒரு சீட்டு இருக்க வேண்டுமே! அந்தச் சீட்டைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

ரத்தம் ஏற்றியே ஆக வேண்டிய நேரங்களும் உண்டு. அப்போது ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலும் சேர்ந்து நுரையீரல் பாதிக்கும்போது, பக்கவாதம் வரும்போது, குழந்தையின் மண்ணீரல் திடீரென வீங்கி ரத்தத்தையெல்லாம் தனக்குள் இழுத்துக்கொள்ளும்போது, பார்வோ வைரஸ் தொற்றி எலும்பு மஜ்ஜை ரத்தம் உண்டாக்குவதையே நிறுத்திவிடும்போது ரத்தம்தான் உயிரைக் காப்பாற்றும். நிலைமை ரொம்ப மோசமென்றால் ஒரு பக்கம் நோயாளியின் ரத்தத்தை எடுத்துக்கொண்டே மறுபக்கம் நல்ல சிவப்பணுக்களை ஏற்றி மாற்றுவார்கள். ஒருமுறை பக்கவாதம் வந்த குழந்தைக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றி, வளைகிற ஹீமோகுளோபினை 30 சதவீதத்துக்குக் கீழே வைத்திருக்க வேண்டும். மூளை ரத்தக் குழாயை டாப்ளர் ஸ்கேனில் பார்த்து, பக்கவாதம் வருவதற்கு முன்பே இப்படி ஏற்றினால் பெரும்பாலான குழந்தைகளை அதிலிருந்து தப்பவைக்கலாம் என்பது 1998-லேயே அமெரிக்க ஆய்வில் நிரூபணமாகிவிட்டது.

சரி, ஏற்றுகிற ரத்தம் எப்படிப்பட்டது? நம் ஊரில் ஏ, பி, ஓ, பாசிட்டிவ், நெகட்டிவ் பார்த்து, கிராஸ்மேட்ச் (கொடையாளி ரத்தமும் நோயாளி ரத்தமும் ஒத்துப்போகிறதா என்று டியூபில் கலந்து பார்ப்பது) செய்து கொடுத்துவிடுகிறோம். விபத்தில் அடிபட்டு வாழ்க்கையில் ஒருமுறை ரத்தம் ஏற்றிக்கொள்பவருக்கு அது போதும். ஆயுள் முழுக்க ஏற்றிக்கொள்ள நேரும் சிக்கிள் செல் நோயாளிக்குப் போதாது. சிவப்பணுவின் மேல் வேறு பல அடையாளங்களும் இருக்கின்றன. பாசிட்டிவ், நெகட்டிவ் என்று பார்க்கிறோமே, அந்த ஆர்எச் குடும்பத்திலேயே லேபில் நாங்கள் பெரிய சி, சின்ன சி, பெரிய ஈ, சின்ன ஈ என்று சொல்லும் நான்கு உண்டு, அப்புறம் கெல் என்று இன்னொரு அடையாளம். தன்னிடம் இல்லாத அடையாளம் உள்ள ரத்தம் உள்ளே வந்தால் உடம்பு அதற்கு எதிராக ஆன்டிபாடி, அதாவது அந்த அணுக்களைத் தாக்கும் எதிர்ப்புப் பொருள், தயாரித்து வைத்துக்கொள்ளும்.

நான் வேலை பார்த்த காலத்தில் தேவாலாவுக்கு அப்பாலிருந்து பணியர் என்ற ஆதிவாசிச் சமூகத்துப் பெண் ஒருவரைக் கொண்டு வந்தார்கள். பிரசவத்தின்போது ஓர் ஊரில் ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். பிறகு வலி என்று வேறோர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அங்கேயும் ஒரு பேக். ஒரு வாரம் கழித்து மறுபடி வலி, காய்ச்சல், சிறுநீர் கட்டஞ்சாயா (பால் சேர்க்காத டீ) நிறத்தில். ஹீமோகுளோபின், ரத்தம் ஏற்றுவதற்கு முன்பு இருந்ததைவிடக் கீழே போயிருந்தது. பழைய நோய்தான் திரும்பிவிட்டது என்று நினைத்து அதே ஆஸ்பத்திரியில் இன்னொரு பேக் ஏற்ற, அது இன்னும் இறங்கியது. எங்களிடம் வந்தபோது அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் கவரும் அதற்குள் நனைந்துபோன சீட்டுகளும் இருந்தன. எழுத்தெல்லாம் கரைந்து, எங்கே எப்போது ஏற்றினார்கள் என்று ஒன்றுமே படிக்க முடியவில்லை. ஆன்டிபாடியைக் காட்டிக்கொடுக்கும் கூம்ப்ஸ் முறையில் கிராஸ்மேட்ச் போட்டால், எடுத்த பேக்குகளில் பாதிக்கு மேல் டியூபின் அடியில் மணல் மணலாகத் திரண்டு நின்றது, அதாவது பொருந்தவில்லை. கோவைக்கு மாதிரி அனுப்பியதில்தான் சின்ன சி-க்கும் பெரிய ஈ-க்கும் ஆன்டிபாடி இருப்பது தெரிந்தது. தெரிந்த பிறகு இரண்டும் இல்லாத பேக் தேடுவது கஷ்டமாகவே இல்லை. எங்கள் ஃப்ரிட்ஜிலேயே இருந்தது.

இரண்டாவது ஆஸ்பத்திரிக்காரர்கள் கிராஸ்மேட்ச் செய்யாமல் கொடுத்துவிட்டார்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். செய்துதான் கொடுத்தார்கள், அது பொருந்தியும் இருந்தது. இந்த ஆன்டிபாடிகளில் பல, சில மாதங்களில் பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்துவிடும். ஆனால் உடம்பு மறப்பதில்லை. அதே அடையாளம் மறுபடி உள்ளே வந்ததும் சில நாட்களில் பழைய வேகத்தோடு எழும்பி, ஏற்றிய அணுக்களை உடைத்துப்போடும். லேப் டெக்னீஷியன் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் டியூபில் தெரியாததைக் கண்டுபிடிக்க வழியில்லை. முன்பு ஒருமுறை தெரிந்தபோது எழுதி வைத்த தாள் ஒன்றுதான் வழி. பந்தலூரில் இருப்பவர் இன்றைக்குக் கூடலூருக்குப் போவார், நாளைக்கு எல்லை தாண்டி கேரளாவின் சுல்தான் பத்தேரிக்குப் போவார், ரொம்ப முடியாமல் போனால் ஊட்டி, கோவை. இந்த ஆஸ்பத்திரி ரிஜிஸ்டரில் இருப்பது அந்த ஆஸ்பத்திரிக்குத் தெரியாது.

நீலகிரி மலைவாழ் மக்களிடம் இந்தக் குறைபாடு இருப்பது 1952-லேயே மருத்துவ இதழில் பதிவாகிவிட்டது. இந்தியாவின் முதல் பதிவுகளில் அது ஒன்று. 2023 ஜூலையில் மத்திய அரசு சிக்கிள் செல் ஒழிப்பு இயக்கம் தொடங்கி, 2047-க்குள் ஒழிப்பதாக இலக்கு வைத்து, பரிசோதனை செய்தவர்களுக்கு அட்டை கொடுக்கிறார்கள். நல்ல காரியம். நோய் உண்டா, அல்லது தனக்கு நோயில்லாமல் பிள்ளைகளுக்குக் குறைபாட்டைக் கடத்துபவர் மட்டும்தானா என்று அந்த அட்டை சொன்னால் கல்யாணம் பேசும்போது உதவும். நோய் உள்ளவருக்கு நடுராத்திரி அவசரத்தில் உதவ வேண்டுமானால் அட்டையின் பின்பக்கத்தில் வேறு சில விஷயங்கள் வேண்டும். முழு ரத்தப் பிரிவு, அதாவது சி, ஈ, கெல் உட்பட. வழக்கமான ஹீமோகுளோபின் எவ்வளவு. எந்தத் தேதியில் எங்கே ரத்தம் ஏற்றியது. ஆன்டிபாடி ஏதாவது உண்டா.

இந்த முழு ரத்தப் பிரிவுப் பரிசோதனையை முதல் பேக் ஏற்றுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். ஏற்றிவிட்டால் கொடையாளியின் அணுக்களும் கலந்து ஓடும். அப்புறம் மூன்று மாதமாவது காத்திருந்தால்தான் சாதாரண முறையில் சரியான முடிவு கிடைக்கும். ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் இதற்கான ரீஏஜென்ட் (பரிசோதனைத் திரவம்) வாங்கி வைக்கச் சொல்லவில்லை. திறந்த புட்டி காலாவதியாகி வீணாகும். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரியில் வைத்தால் போதும். கூடலூரிலிருந்து நடுவட்டம் வழியாக நோயாளியை அலைக்கழிக்காமல் ஒரு டியூப் ரத்தத்தை மட்டும் அனுப்பலாம்.

உங்கள் வாசகர்களில் ரத்தம் கொடுக்கிறவர்களுக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. ஒரே வட்டாரத்து மக்களின் ரத்தம் நன்றாகப் பொருந்தும் என்று ஆதிவாசி இளைஞர்கள் தங்கள் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க முன்வருகிறார்கள். மனசு பெரியது, ஆனால் அவர்களில் சிலர் தமக்கே தெரியாமல் இந்தக் குறைபாட்டைக் கடத்துபவராக இருக்கலாம். அந்த ரத்தத்தைச் சிக்கிள் செல் நோயாளிக்கு ஏற்றக் கூடாது. எனவே இவர்களுக்கென்று ஒதுக்கும் பேக்கை அதற்கான பரிசோதனை செய்த பிறகே கொடுக்க வேண்டும். தொடர்ந்து ரத்தம் ஏற்றுகிறவர்களுக்கு ஒவ்வொரு பேக்கோடும் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பும் உள்ளே போய், ஈரலிலும் இதயத்திலும் தங்கும். அதை வெளியேற்ற மாத்திரை தனியாக வேண்டும். அதனால்தான் அணுக்கள் வளைவதைக் குறைக்கும் ஹைட்ராக்ஸியூரியா மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தம் ஏற்றும் தேவையையே குறைத்துக்கொள்ளச் சொல்கிறோம்.

கடைசியாக, ஜூன் 14 ரத்ததான தினத்தன்று எல்லோரும் ஒரே நாளில் வந்து கொடுத்துவிட்டுப் போகிறார்கள். சிவப்பணு பேக் அதிகபட்சம் 42 நாள்தான் தாங்கும். ஆடி மழையில் மண் சரிந்து ரோடு அடைபடும் சமயத்தில் ஃப்ரிட்ஜைத் திறந்தால் அந்தப் பேக்குகளுக்குத் தேதி முடிந்திருக்கும். கூடலூர், பந்தலூர் நண்பர்கள் ஜூனில் பாதிப் பேர் கொடுங்கள். மீதிப் பேர் ரத்த வங்கியில் நம்பரைக் கொடுத்துவிட்டு, அவர்கள் கூப்பிடும்போது வாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன்,
கூடலூர், நீலகிரி மாவட்டம்.