பாதி நினைவகத்தைப் பூட்டி வைத்திருக்கும் கணிப்பீட்டு மையத்தாருக்கு

மதிப்புக்குரிய நிர்வாகத்தினருக்கு,

உங்கள் சேர்வரில் நாங்கள் ஓட்டும் கணிப்பு வேலைகள் ஏன் நடுவழியில் சாகின்றன என்பது உங்களுக்குத் தெரியும்; முறைப்பாடு உங்கள் மேசையில்தான் கிடக்கிறது. சேர்வரின் நினைவகம் முனை 0, முனை 1 என்று இரண்டாக, புரொசெசர்களுக்குக் கிட்டக் கிட்டப் பிரிந்து கிடக்கிறது; எங்களுக்கு முதலாவது மட்டும்தான். ஆகவே நேரே கேட்கிறேன்: இரண்டாவது முனையின் நினைவகத்தை எங்களுக்கும் திறந்துவிடுங்கள்.

போன கிழமையும் கனகராயன் ஆற்றின் வெள்ளப் படிமம், அதாவது வெள்ளத்தைக் கணக்கிடும் கணினி மாதிரி, நடுச்சாமத்தில் கொல்லப்பட்டது. 2018 டிசம்பரில் கிளிநொச்சிக்குள் தண்ணீர் எந்த வழியாகப் பரவியது என்று பார்க்கிற வேலை அது. மாணவி காலையில் வந்து பார்த்தால் திரையில் ‘கில்ட்’ (கொல்லப்பட்டது) என்று ஒரே ஒரு சொல். சேர்வரை இயக்கும் லினக்ஸின் மையப்பகுதியான கேர்னல் எழுதும் பதிவைத் திறந்தோம். முனை 0-இன் 128 ஜிபியும் நிரம்பி வழிகிறது. முனை 1-இல் கிட்டத்தட்ட அவ்வளவும் சும்மா கிடக்கிறது. கொன்ற காரணம் சிபியுசெட், அதாவது எந்தக் குழு எந்த முனையைத் தொடலாம் என்ற கட்டுப்பாடு, என்று கேர்னலே எழுதி வைத்திருக்கிறது. நினைவகம் தீரவில்லை, ஐயா. தொடக்கூடாது என்று நீங்கள்தான் எழுதி வைத்திருக்கிறீர்கள்.

அடுத்த முனையின் நினைவகம் மெதுவானது, வேகத்துக்காகத்தான் கட்டுப்படுத்தினோம் என்கிறீர்கள். மெதுவானதுதான், முனைகளுக்கிடையிலான எட்டத்தைச் சொல்லும் தூர அட்டவணையில் உள்ளூருக்கு 10, அடுத்த முனைக்கு 21 என்று இருக்கிறது. ஆனால் லினக்ஸுக்கு இது தெரியாதா? ஒரு நினைவகப் பக்கத்தை எந்த புரொசெசர் முதலில் தொடுகிறதோ, அதற்குக் கிட்டவுள்ள முனையில்தான் அது இடம் கொடுக்கும். அங்கே இல்லாவிட்டால் மட்டுமே அடுத்த முனைக்குப் போகும். ஒரு காலத்தில் கேர்னலும் உங்களைப் போலத்தான் இருந்தது. முனைகளின் தூரம் கூடவென்றால் ஸோன் ரீகிளெய்மை, அதாவது அடுத்த முனைக்குப் போகுமுன் உள்ளூர் நினைவகத்தையே கிளறி இடம் எடுக்கும் வழக்கத்தை, தானாகவே போட்டுவிட்டு, பக்கத்தில் இடம் காலியாக இருக்க உள்ளூரிலேயே கிண்டிக்கொண்டிருக்கும். பலரும் பட்ட பாட்டுக்குப் பிறகு 2014-இல், 3.16 பதிப்போடு, அந்த வழக்கத்தை விட்டார்கள். ஒரு குளம் வான் பாய, பக்கத்துக் குளத்து வயலைக் கருகவிட எந்தக் கமக்கார அமைப்பும் ஒப்பாது.

வன்னிக்கு வருவதெல்லாம் இப்படித்தான். அறிக்கையில் 256 ஜிபி, பாவனைக்குப் பாதி. கட்டடம் வரும், தளபாடம் வராது. இயந்திரம் வரும், திறப்பு கொழும்பில் இருக்கும். ‘தரவைக் குறைத்து ஓட்டுங்கள்’ என்ற அறிவுரைக்கு மட்டும் தட்டுப்பாடே இல்லை. ஆற்றையா குறைப்பது? சரி, அது வேறு கதை.

எங்கள் குழுவின் சிபியுசெட்டில் மெம்ஸ் என்ற இடத்தில், அதாவது தொடக்கூடிய முனைகளின் பட்டியலில், இருக்கும் 0-ஐ, 0-1 என்று மாற்றித் தாருங்கள். சேர்வரை நிறுத்த வேண்டாம், கேள்விப்பத்திரமும் கோர வேண்டாம். வேகம்தான் கவலையென்றால், முனை 0-ஐக் கட்டாயமாக இல்லாமல் முன்னுரிமையாக நாங்களே வைத்துக்கொள்கிறோம். ஒரு வேலை எந்த முனையின் நினைவகத்தை எடுக்க வேண்டும் என்று சொல்லும் நியூமாசிடிஎல் என்ற கட்டளையில் அதற்கு வழி இருக்கிறது. முடியாதென்றால் காரணத்தை எழுத்தில் தாருங்கள். மாரி தொடங்குமுன் இந்தப் படிமம் ஒருதரமாவது முழுதாக ஓட வேண்டும். தயவுசெய்து இரண்டாவது முனையைத் திறந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கிளிநொச்சியிலிருந்து உங்கள் பயனர் ஒருவர்