பட்டியலில் பேர் இல்லையே!

ஆசிரியர் அவர்களுக்கு,

தேர்தல் முடிந்ததும் 'சென்னைக்காரர்கள் ஓட்டுப் போட வருவதில்லை' என்று திட்டுவது வழக்கமாகிவிட்டது. அதில் வாடகை வீட்டுக்காரர்கள் எத்தனை பேர் என்று யாரும் கேட்பதில்லை.

பத்து வருடத்தில் நான்கு வீடு மாறியவன் நான். ஒருமுறை அடையாள அட்டையோடு ஒரு மணி நேரம் வரிசையில் நின்று உள்ளே போனால், "பட்டியலில் உங்க பேர் இல்லையே சார்" என்றார்கள். பழைய முகவரியில் நீக்கிவிட்டார்கள். புதிய முகவரியில் நான் சேரவில்லை. அட்டை மட்டும் போதாது என்பது அன்றுதான் உறைத்தது.

வீடு மாறினால் வாக்காளர் பட்டியலில் முகவரியை மாற்றப் படிவம் 8 கொடுக்க வேண்டும். சரி, முகவரிச் சான்று? கரண்ட் பில், ஆதார், வங்கிப் புத்தகம், வாடகைக்காரர் என்றால் பதிவு செய்த ஒப்பந்தம் என்று ஏதாவது ஒன்றைக் கேட்கிறார்கள். எங்கள் வீட்டுக்காரர் இருபது ரூபாய் பத்திரத்தில் பதினோரு மாதத்துக்கு எழுதிக் கொடுத்ததோடு சரி. கரண்ட் பில் அவர் பேரில். என் ஆதாரும் வங்கிப் புத்தகமும் இன்னும் பழைய தெருவில்தான் இருக்கின்றன. அதையெல்லாம் மாற்றி முடிப்பதற்குள் வேட்புமனுவின் கடைசி நாள் வந்துவிடும். அப்புறம் பட்டியலைத் தொடச் சட்டம் இடம் தராது.

2022-இல் தகுதி நாளை, அதாவது வாக்காளராகச் சேரப் பதினெட்டு வயது நிரம்பிவிட்டதா என்று கணக்கிடும் நாளை, ஆண்டுக்கு ஒன்றிலிருந்து நான்காக்கினார்கள். பதினெட்டு நிரம்பும் பிள்ளைகளுக்கு நல்ல காரியம். வீடு மாறுகிறவர்களுக்கும் அந்தத் தாராளம் கிடைக்கக் கூடாதா? எப்படியும் வாக்குச்சாவடி நிலை அலுவலர் விசாரிக்க வருகிறார். பக்கத்து வீட்டில் கேட்டு, 'ஆமாம், இங்கேதான் குடியிருக்கிறார்' என்று எழுதிக்கொண்டால் போதுமே.

ஒரு வாடகைக் குடித்தனக்காரர்,
வேளச்சேரி, சென்னை