இசை ஆவணப்படம் எடுப்பவர்களே, ஆஸ்திரேலியாவை ஏன் வெட்டினீர்கள்?

வணக்கம். உங்களில் ஒருவர் எடுத்து 2012-இல் வந்த 'சர்ச்சிங் ஃபார் சுகர் மேன்' படத்தைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அது தேடிப்போகும் அமெரிக்கப் பாடகர் சிக்ஸ்டோ ரோட்ரிகஸின் பாட்டுக்குள் நான் போனதே அந்தப் படத்தைப் பார்த்துத்தான். தென்னாப்பிரிக்க வானொலிக் காப்பகத்தில் இருந்த இசைத்தட்டில், அவருடைய ஒரு பாட்டு ஓடக்கூடாது என்று தடத்தையே கூரான எதையோ வைத்துக் கீறியிருப்பார்களே, அந்தக் காட்சி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

படம் சொல்லும் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். டெட்ராய்ட்காரர், 1970-இல் 'கோல்ட் ஃபேக்ட்', அடுத்த வருடம் இன்னொரு ஆல்பம், இரண்டும் அமெரிக்காவில் விலைபோகவில்லை, கம்பெனி கைவிட்டது, மனிதர் கட்டடம் இடிக்கும் வேலைக்குப் போய்விட்டார். அங்கே நிறவெறி ஆட்சியில் இருந்த தென்னாப்பிரிக்காவில் அவர் பாட்டைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள், மேடையிலேயே தற்கொலை செய்துகொண்டார் என்று வதந்தி வேறு. எதுவும் தெரியாமல் இருந்தவர் 1998-இல் கேப் டவுனில் மேடையேறுகிறார். பார்க்கிறவனுக்குப் புல்லரிக்கத்தான் செய்யும்.

சரி, 1979-இல் அவர் ஆஸ்திரேலியாவில் கச்சேரிச் சுற்றுப்பயணம் போனாரே, அது எங்கே? 1981-இல் மறுபடி போனாரே? அங்கே பாடியது ஒரு நேரடி ஆல்பமாகவே வெளிவந்ததே? படத்தில் மூச்சே இல்லை. கடல் தாண்டித் தனக்கு ரசிகர்கள் இருப்பது அவருக்கு எழுபதுகளிலேயே தெரியும் என்று சொல்லிவிட்டால் மர்மம் பாதி காலி, அதனால் கத்தரித்துவிட்டீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் வெட்டியதில்தான் ஆள் இருக்கிறார். தன்னைக் கேட்கவென்றே கூடிய கூட்டத்துக்கு முன்னால் பாடிவிட்டு, ஊர் திரும்பி மறுபடியும் இடிக்கும் வேலைக்குப் போவது சாதாரணமா? புகழே தெரியாமல் உழைத்தவரை விட, அதன் ருசி பார்த்த பிறகும் உழைத்தவர் பெரிய ஆள் இல்லையா? இடையில் வேன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்துப் பட்டமும் வாங்கியிருக்கிறார். 'ஒன்றும் தெரியாத அப்பாவி' என்ற வேடம் அவருக்குப் பொருந்தவே இல்லை.

இன்னொன்று, ராயல்டி, அதாவது இசைத்தட்டு விற்றதில் பாடகருக்குச் சேரவேண்டிய பங்கு. அவர் ஆல்பங்களை வெளியிட்ட அமெரிக்க கம்பெனியை நடத்திய கிளாரன்ஸ் அவான்ட், அந்தப் பணத்தைப் பற்றிக் கேட்டதும் கேமராவுக்கு முன்னால் எரிச்சல்படுகிறார், படம் அதோடு வேறு பக்கம் போய்விடுகிறது. எனக்கோ அதற்குப் பிறகுதான் ஆர்வமே வந்தது. யார் யாருக்குப் பணம் அனுப்பினார்கள், எந்த ஒப்பந்தத்தின்படி, எங்கே நின்றது? இதைத் தோண்டினால் படம் கொஞ்சம் வறண்டுதான் போகும், அப்புறம் விருதும் கிடைக்காமல் போகலாம்.

ரோட்ரிகஸ் 2023 ஆகஸ்டில் 81 வயதில் போய்விட்டார், இனி அவரிடம் கேட்க முடியாது. அடுத்த பாடகரைத் தேடிக் கிளம்பும்போது, கதைக்கு இடைஞ்சலாக ஒரு ஆஸ்திரேலியா வந்தால் அதைப் படத்திலேயே விட்டுவையுங்கள். இரண்டு நிமிடம் போதும்.