தம்பிக்கு, அந்த டியூஷன் வாத்தியார் விஷயமா

அன்பு தம்பி,

சின்ன வயசுல டியூஷன் வாத்தியார் உன்கிட்ட பாலியல் ரீதியா தப்பா நடந்துக்கிட்டத பத்தி நீ அனுப்பின மெசேஜ் பாத்தேன். உன் பேரு ஊரு எதுவும் இதுல வராது, ஆனா இதே கேள்விய மனசுக்குள்ளயே வச்சிட்டிருக்கவங்க நிறைய பேர் இருப்பாங்கன்னுதான் பொதுவுல எழுதுறேன்.

"அவன் ஜெயிலுக்கு போறானோ இல்லயோ, என் கவுன்சலிங் காச அவன் கட்டணும்க்கா, சிவில் கேஸ் போடலாமா"ன்னு கேட்ருந்த. நியாயமான கேள்விதான், பதில்தான் கசப்பு.

நஷ்ட ஈடு கேட்டு சிவில் சூட் போட 1963 லிமிடேஷன் ஆக்ட்படி மூணு வருஷம்தான் டைம். மைனரா இருக்கும்போது நடந்ததுன்னா 18 முடிஞ்சதுலேர்ந்து எண்ணுவாங்க, ஆக 21 வரைக்கும். உனக்கு இப்ப 26. லேட்டானதுக்கு காரணம் சொல்லி மனு போட்டுக்கலாம்னு யாராவது சொன்னா நம்பிடாத, அதுக்கு இடம் குடுக்குற, அதே ஆக்ட்டோட 5ஆவது செக்‌ஷன் அப்பீலுக்கும் மனுவுக்கும்தான், புதுசா போடுற சூட்டுக்கு செல்லாது. 21 வயசுல நீ அரியர் எழுதிட்டு இருந்திருப்ப, அம்மாகிட்டயே வாய் திறக்கல, இதுல வக்கீல எங்க போய் தேடியிருப்ப? நியூயார்க்ல 2019ல சட்டத்த மாத்தி 55 வயசு வரைக்கும் போடலாம்னு வச்சாங்க, டைம் முடிஞ்சுபோன பழைய கேஸுக்கும் ரெண்டு வருஷம் சான்ஸ் குடுத்தாங்க. கலிஃபோர்னியால 40 வரைக்கும்னு வச்சாங்க, 2024லேர்ந்து நடக்குற சம்பவத்துக்கு வயசு வரம்பே இல்லன்னு ஆக்கிட்டாங்க. நம்ம சட்டம் அந்த மூணு வருஷத்துலயே நிக்குது, எனக்கு இதுல செம கோவம்.

சரி, காசு வர்ற வேற வழி கிரிமினல் பக்கம்தான் இருக்கு, உனக்கு அது புடிக்காதுன்னு தெரியும், ஆனாலும் கேளு. குழந்தைங்க மேல நடக்குற பாலியல் குற்றத்துக்கான போக்சோ சட்டம் அமலுக்கு வந்தது 2012 நவம்பர் 14. உனக்கு 2011ல ஆறாவதுல ஆரம்பிச்சு 2013ல எட்டாவது படிக்கும்போதுதான் நின்னுச்சுன்னு சொன்ன. அந்த தேதிக்கு முன்னாடி நடந்தது பழைய ஐபிசில வரும், அதுல ஆம்பளப் பசங்களுக்குன்னு இருந்தது இயற்கைக்கு மாறான உடலுறவு பத்தின 377ஆவது பிரிவுதான், வெறும் தொடுறதுக்கெல்லாம் அது பத்தாது. தேதிக்கு அப்புறம் நடந்தது போக்சோல வரும், பையன் பொண்ணு வித்தியாசமே கிடையாது, தப்பான எண்ணத்தோட தொட்டதுக்கே குறைஞ்சது மூணு வருஷம். புகார் குடுக்க வயசு வரம்பும் இல்ல, 2018ல மத்திய அரசே இத தெளிவா சொல்லிருச்சு. சென்னைல பொறந்து கனடால இருக்குற ஒரு பெண் விஞ்ஞானி, பல வருஷத்துக்கு முன்னாடி நடந்ததுக்கு இங்க புகார் குடுக்க அலைஞ்சு போராடினதுக்கு அப்புறம் வந்தது அது.

எஃப்ஐஆர் போட்டாச்சுன்னா ஸ்பெஷல் கோர்ட்ல இடைக்கால நஷ்ட ஈடு கேக்கலாம், 2020 போக்சோ ரூல்ஸ்ல 9ஆவது ரூல். தீர்ப்பு வர்ற வரைக்கும் காத்திருக்க வேணாம், அவன் விடுதலையானாலும் குடுக்க இடம் இருக்கு. நீ இப்ப மேஜர்ங்கறதால எதிர்ப்பக்கம் வாதம் பண்ணுவாங்க, பண்ணட்டும், சம்பவம் நடந்தப்ப நீ குழந்தைதான. ஒண்ணு மட்டும், அந்த காசு அரசு குடுக்குறது, அவன் பாக்கெட்லேர்ந்து வர்றது இல்ல.

அவன் ஆளுங்க வந்து "பேசி முடிச்சுக்கலாம், ஒரு தொகை குடுத்துடறோம்"னு சொல்லுவாங்க, கட்டாயம் சொல்லுவாங்க. கையெழுத்து போட்றாத. ராஜஸ்தான்ல ஒரு வாத்தியார் கேஸ்ல, பொண்ணோட அப்பா சமாதானம் ஆயிட்டாருன்னு ஹைகோர்ட் கேஸையே ரத்து பண்ணுச்சு, சுப்ரீம் கோர்ட் 2024 நவம்பர்ல அது செல்லாதுன்னுடுச்சு. அவன் பேர ஃபேஸ்புக்ல போடுற யோசனையயும் இப்போதைக்கு விடு, அவதூறு கேஸ் உன் மேல திரும்பும்.

"இத்தன வருஷம் ஏன் சும்மா இருந்த"ன்னு கூண்டுல ஏத்தி கேப்பாங்க. உன் கவுன்சலர்கிட்ட இருக்குற ஃபைல் அங்கதான் உதவும்.

முடிவு எடுக்க அவசரமே இல்ல. என்கிட்ட வர்றதா இருந்தா எட்டாவது மார்க் ஷீட், கவுன்சலிங் ரசீது எல்லாம் எடுத்துட்டு வா. காலேஜ் படிக்கும்போது ஃப்ரெண்டுக்கு இதப்பத்தி மெசேஜ் அனுப்பினேன்னியே, அந்த பழைய போன வித்துடாத, ரீசெட்டும் பண்ணாத, ஸ்க்ரீன்ஷாட் மட்டும் வச்சு கோர்ட்ல நிரூபிக்கிறது கஷ்டம்.

அக்கா