நொய்யல் வழக்கும் ஆடிட் நாளும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உலகமயக் காலத்தில் கட்சிகளால் செய்ய முடியாததைக் கட்சியும் அரசும் சாராத குடிமைச் சமூக அமைப்புகள் செய்துவருகின்றன என்று உங்கள் நடுப்பக்கக் கட்டுரையில் படித்தேன். பாதி சரி. மீதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் 26 வருடம் செக்கிங் பிரிவில் இருந்தவன் நான்.

எங்கள் துணியை வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆடிட், அதாவது தொழிலாளர் நிலைமையைப் பார்க்க வரும் சோதனை என்றால் எங்களுக்கு ஒரு சின்ன நோம்பி மாதிரி. முதல் நாளே கழிப்பறைக்கு வெள்ளையடிப்பார்கள். முதலுதவிப் பெட்டியைத் தூசி தட்டிப் புதுப் பஞ்சு வைப்பார்கள். "எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவீங்கன்னு கேட்டா அஞ்சரைன்னு சொல்லோணும்" என்று சூப்பர்வைசர் பாடம் எடுப்பார். ஒன்றரை ஷிப்ட் ஓட்டிவிட்டு இரவு எட்டரைக்கு வெளியே வருகிற அத்தனை பேரும் அஞ்சரை என்றோம். நானும்தான். ஆடிட்டரைக் குறை சொல்ல மாட்டேன். ஐரோப்பாவில் யாரோ துணிக்கடை வாசலில் நின்று கேள்வி கேட்டதால்தான் அவரே இங்கே வந்தார். ஆனால் எங்கள் ஊர் நொய்யல் ஆற்றைப் பார்க்க யாரும் அவரை அனுப்பவில்லை.

என் மாமனாருக்கு ஒரத்துப்பாளையம் அணைப் பக்கம் மூன்று ஏக்கர். பாசனத்துக்கென்று நொய்யலில் 1992-ல் கட்டிய அணையில் திருப்பூர் சாயப்பட்டறைகளின் கழிவு வந்து தேங்கியது. அவர் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. இளநீரே கரிக்கும். டாலரும் வேலையும் கொடுப்பது அந்தப் பட்டறைகள் என்பதால் எந்தக் கட்சியும் அவற்றைப் பகைத்துக்கொள்ளத் தயாராக இல்லை. கடைசியில் வழக்குப் போட்டது, பாசன விவசாயிகளின் அமைப்பான நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம். கழிவுநீரைத் துளியும் வெளியே விடக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006-ல் உத்தரவிட்டது. நடக்கவில்லை. 2011 ஜனவரியில் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது.

எங்கள் கம்பெனித் துணி சாயம் போட லுதியானாவுக்குப் போனது. நான் இரண்டு மாதம் வீட்டில் உட்கார்ந்தேன். ஒரு நாள் வாய் சும்மா இருக்காமல், "உங்க சங்கம் என் சோத்துல கை வச்சிருச்சுங்க மாமா" என்று சொல்லிவிட்டேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "உங்க கம்பெனி எங்க கெணத்துல கை வச்சு இருவது வருசமாச்சுங்க மாப்ளே" என்றார். அப்புறம் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆடிட்டில் பேச்சு பையருக்கும் முதலாளிக்கும் நடுவில். நாங்களோ, சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கிற சாட்சிகள். வழக்கில், பாதிக்கப்பட்டவரே மனுதாரர். திண்டுக்கல்லில் ஒரு பெண் தொழிலாளி கொல்லப்பட்ட பிறகு வேலையிடத்தில் பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்க 2022-ல் போடப்பட்ட ஒப்பந்தமும் இந்த வகைதான். அதில் எச் அண்ட் எம் மாதிரி பெரிய வெளிநாட்டுத் துணி நிறுவனத்தோடு, பெண்கள் நடத்துகிற நம் ஊர்த் தொழிற்சங்கமும் கையெழுத்துப் போட்டிருக்கிறது. இப்படிப்பட்ட அமைப்புகளை உங்கள் கட்டுரை பாராட்டியிருந்தால் முதல் ஆளாகக் கை தட்டியிருப்பேன்.

ஆனால் அதைக் காட்டிக் கட்சிகளை விட்டுவிட முடியாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அரசு கையில் இருக்கிறது. கோர்ட் பூட்டுப் போட்ட பிறகு, அதே 2011-ல், சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் என்று அரசு அறிவித்தது. அதுவரை அந்தப் பணம் எங்கே இருந்தது? மூன்று ஏக்கர்காரர் வக்கீல் வைத்து வருடக்கணக்கில் அலைந்தால்தான் கஜானா திறக்குமா?

அந்த ஏப்ரலில் சட்டமன்றத் தேர்தல். ஓட்டுக் கேட்டு இரண்டு பெரிய கட்சிக்காரர்களும் தனித்தனியாக என் மாமனார் வீட்டுக்கு வந்தார்கள். நல்ல வெயில். என் மாமியார் இரண்டு முறையும் ஒரே சொம்பில் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஒருவரும் குடிக்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பனியன் தொழிலாளி,
திருப்பூர்