விளம்பரத்துக்கு ‘அவசரம்’ என்று தலைப்பு வைக்காதீர்கள்

வங்கியின் சந்தைப்படுத்தல் பிரிவினருக்கு,

வணக்கம். களுவாஞ்சிகுடியில் கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறேன். உங்கள் மின்னஞ்சல்களைப் பலருக்கு வாசித்துச் சொல்வதும் இப்போது என் வேலையாகிவிட்டது. போன வாரம் ‘அவசரம், உங்கள் கணக்கு’ என்று ஆங்கிலத் தலைப்போடு அனுப்பினீர்களே, அதைப் பற்றித்தான் இந்த மடல்.

வெல்லாவெளிப் பக்கத்து அம்மா ஒருவருக்கு அதில் விளங்கியது ‘அர்ஜன்ட்’, ‘எக்கவுண்ட்’ என்ற இரண்டும்தான். மகன் கட்டாரிலிருந்து அனுப்பும் காசு அந்தக் கணக்கில்தான் விழுகிறது. காயப்போட்ட நெல்லை அயலவரைப் பார்க்கச் சொல்லிவிட்டு, பஸ் பிடித்து, பட்டிருப்புப் பாலம் தாண்டி வந்தார். திறந்து பார்த்தால், கொழும்பு ஹோட்டலொன்றில் இராச் சாப்பாட்டுக்குக் கடனட்டைக் கழிவு! அவரிடம் கடனட்டையே இல்லை. “அப்ப காசு இரிக்கா மனே?” என்று கேட்டார். நான் சொல்லியும் மனம் ஆறாமல், கிளைக்குப் போய் மீதியைப் பார்த்த பிறகே ஊருக்குத் திரும்பினார்.

உள்ளே என்ன இருக்கிறதோ அதையே தலைப்பில் எழுதுங்கள். ‘கடனட்டைக்கு 20 வீதக் கழிவு, ஞாயிறு வரை’ என்றால் வேண்டியவர் திறப்பார், வேண்டாதவர் விடுவார். கைபேசித் திரையில் முதல் முப்பது நாற்பது எழுத்துதான் தெரியும், ஆகவே விஷயம் முன்னுக்கு வரட்டும். வங்கியின் பெயர் அனுப்புநர் இடத்திலேயே இருக்கிறது, தலைப்பிலும் எதற்கு? கேட்காத கேள்விக்குப் பதில்போல ‘ரீ:’ போடுவதையும் விடுங்கள்.

‘அவசரம் என்று வரும் மின்னஞ்சலை நம்பாதீர்கள்’ என்று மோசடிக்காரர்களைப் பற்றி எச்சரிப்பதும் நீங்கள்தானே? அவர்களுடைய பாணியை இவ்வளவு நன்றாகப் பழகியிருக்கிறீர்கள், பாராட்டத்தான் வேண்டும். எத்தனை பேர் திறந்தார்கள் என்ற கணக்கு உங்கள் மேலதிகாரிக்குப் போகும். பயந்து திறந்தவர் எத்தனை பேர் என்று அதில் இருக்காது. ஏமாந்தவர்கள் ‘ஸ்பேம்’ என்று அழுத்துவார்கள். மொத்தமாக அனுப்புவோரின் ஸ்பேம் முறைப்பாடு 0.3 வீதத்தை எட்டக்கூடாது என்று ஜிமெயில் 2024 பெப்ரவரியிலிருந்து கேட்கிறது. மிஞ்சினால் உங்கள் உண்மையான அறிவித்தலும் ஸ்பேமுக்குள்தான் போகும்.

சரி, கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து விளம்பரத்துக்கு விளம்பரம் என்றே தலைப்பு வையுங்கள். ‘அவசரம்’ என்பதை உண்மையான அவசரத்துக்கு வைத்திருங்கள், அதையும் தமிழில் எழுதுங்கள். விளம்பரம் வேண்டாமென்று அந்த அம்மா கிளையில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதையும் ஒருமுறை பார்ப்பீர்களென்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு வாடிக்கையாளன்